உதட்டுக்குப் பின்னால் ஒன்றா இரண்டா

ஜூலை 3, புதன்

கல்லை அறுத்து வாங்கி வந்துவிட்டேன். ஏப்ரலில் மாணவர்களோடு அரியலூர்ப் பக்கம் போனபோது ஓடைக் கரையில் நானே குனிந்து எடுத்தது. கடல் முள்ளெலி. உருண்டையாக இருக்கும் வகை இல்லை, இதயம் போல ஒரு பக்கம் பள்ளம் விழுந்த வகை. அரைச் சாத்துக்குடி அளவு. ஏழு கோடி வருஷத்துக்கு முன்னால் அங்கே கடல் இருந்தபோது அடிச்சேற்றைத் தின்று வாழ்ந்தது.

முதுகு நன்றாகத் தெரிகிறது. உச்சி நசுங்கியிருக்கிறது. இந்த வகையில் இதுவரை கிடைத்த எல்லாமே உச்சி நசுங்கியவைதான். அடிப்பக்கம் கடினமான சுண்ணாம்புக் கல்லுக்குள் புதைந்து கிடக்கிறது. வாய் அங்கேதான் இருக்கும். எனக்கு வாய்தான் வேண்டும்.

வாய்க்குப் பின்னால் உதடு போல ஒரு தகடு நீட்டிக்கொண்டிருக்கும். அந்த உதட்டுத் தகட்டை அடுத்து ஒரே தகடு இருந்தால் இது ஒரு கூட்டம். இடமும் வலமுமாக ஜோடித் தகடு இருந்தால் முற்றிலும் வேறு கூட்டம். மற்ற அடையாளமெல்லாம் ஏமாற்றும், இது ஏமாற்றாது. நான் ஜோடி என்கிறேன். முதுகின் பள்ளங்களைப் பார்த்தாலே தெரியும். ஒற்றை என்று எழுதிவைத்தவர் கும்பகோணம் கல்லூரியில் இருந்த சிவக்கொழுந்து. அவர் பார்த்ததெல்லாம் ஓடைத் தண்ணீரில் தேய்ந்து வழவழப்பான கற்கள். சென்னைக் கருத்தரங்கில் எழுந்து நின்று, "நீங்க எண்ணினது தகட்டை இல்ல சார், தேய்மானத்தை" என்றேன். சபை சிரித்தது. அதற்கப்புறம் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. பத்துப் பன்னிரண்டு வருஷம் இருக்கும்.

நாளை ஊசியை எடுக்க வேண்டும். எழுத்து ஏன் இவ்வளவு பொடியாக வருகிறது? பேனா சரியில்லை.

ஜூலை 5, வெள்ளி

இரண்டு மணி நேரம் வேலை. மைக்ராஸ்கோப்புக்கு அடியில் வைத்து ஊசியால் மணல் மணலாகப் பெயர்க்க வேண்டும். முன்பு ஒரே மூச்சில் உட்கார்ந்துவிடுவேன். இன்று நாலு முறை எழுந்தேன். ஜன்னல், தண்ணீர், வராந்தா, மறுபடி ஜன்னல். நாற்காலி உயரம் சரியில்லை. அட்டெண்டரிடம் வேறு கேட்டிருக்கிறேன்.

ஜூலை 7, ஞாயிறு

பூசை முடிந்து பொன்மலைச் சந்தை. வெண்டைக்காய், கருவாடு, வீட்டுக்காரர் அருளப்பனுக்கு இரண்டு பனியன். ரயில்வே ஒர்க்ஷாப்பில் இவருக்கு இன்னும் கொஞ்ச காலம்தான் சர்வீஸ். பனியன் மட்டும் மாதம் இரண்டு கிழியும்.

கோயிலில் ரெஜினா அக்கா என் கையைப் பார்த்துக் குசுகுசுத்தார்: "பிரசங்கம் நடக்கறப்பவும் செபமாலை உருட்டறியே, உனக்குத்தான் பக்தி." என் கையில் செபமாலை இல்லை. கட்டைவிரலும் சுட்டுவிரலும் ஒன்றையொன்று தேய்த்துக்கொண்டிருந்தன. கையைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டேன். ஊசி பிடித்துப் பிடித்து விரலுக்கு அதே பழக்கம்.

ஓசூரிலிருந்து மகள் மெர்லின் பேசினாள். "ஏம்மா குரல் இவ்ளோ சின்னதா கேக்குது?" என்றாள். போன் பழசு.

ஜூலை 10, புதன்

பால் தீய்ந்துபோனது. நான் சமையலறையிலேயேதான் இருந்தேன். அருளப்பன் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "என்ன இப்படி வாடை அடிக்குது, உனக்கு வரலையா?" என்றார். சளி என்றேன். "மூக்கு உறிஞ்சவே இல்லையே நீ." பாத்திரத்தைத் தேய்த்தேன். தேய்த்து முடிக்க வெகு நேரம் ஆனது.

கல்லில் நல்ல முன்னேற்றம். வாயின் முன் விளிம்பு தெரிந்துவிட்டது. தேயவில்லை, உடையவில்லை. இப்படி ஒரு வாயை என் சர்வீஸில் பார்த்ததில்லை.

ஜூலை 16, செவ்வாய்

மூன்றாம் ஆண்டு வகுப்பில் ஒரு பெண் தயங்கித் தயங்கி வந்து, "மேடம், எங்க மேல கோபமா?" என்றாள். இல்லையே என்றேன். "மூஞ்சி அப்படியே இருக்கு மேடம், நீங்க சிரிக்கறதே இல்ல இப்பல்லாம்." வீட்டுக்கு வந்து கண்ணாடியில் சிரித்துப் பார்த்தேன். சிரிப்பு வந்தது. கொஞ்சம் தாமதமாக வந்தது.

வலது செருப்பு மட்டும் முன்னால் தேய்கிறது. வார் தளர்ந்திருக்க வேண்டும்.

காலையில் அருளப்பன் கீழே பாய் போட்டுப் படுத்திருந்தார். தூக்கத்தில் நான் உதைக்கிறேனாம். என்ன கனவு என்று கேட்டார். நாய் துரத்தியது. அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது.

ஜூலை 22, திங்கள்

ஊசி வழுக்கிவிட்டது.

உதட்டுத் தகட்டின் இடது ஓரத்தில் ஒரு கீறல். புதுச் சுண்ணாம்பு போல வெள்ளையாகத் தெரிகிறது. சிறிது. ஆனால் அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் பின்னால் போயிருந்தால் நான் தேடும் இடமே போயிருக்கும். ஊசி வழுக்குவது எல்லாருக்கும் நடக்கும். எனக்கு நடந்ததில்லை.

கல்லைப் பஞ்சில் சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டினேன். கல்லூரியைச் சுற்றி நடந்தேன். வெயில். மறுபடி வந்து பீரோவைத் திறந்து பார்த்தேன். கீறல் அங்கேயே இருந்தது.

வரும் வழியில் மீன் வாங்கினேன். சங்கரா.

ஜூலை 23, செவ்வாய்

கல்லைத் தொடவில்லை. விடைத்தாள் திருத்தினேன்.

ஜூலை 25, வியாழன்

தொடவில்லை. துறைத்தலைவர் கேட்டார், "உங்க முள்ளெலி என்ன சொல்லுது?" வாயைத் திறக்கவில்லை என்றேன். அவர் சிரித்தார். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

டிசம்பரில் கருத்தரங்கு. இந்தக் கல்லைப் பற்றிப் பேசுவதாகப் பெயர் கொடுத்திருக்கிறேன். சிவக்கொழுந்து ஓய்வு பெற்றுவிட்டார், ஆனாலும் முன் வரிசையில் வந்து உட்காருவார்.

ஜூலை 29, திங்கள்

ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தால் கல்லைத் தொடாமலே உள்ளே பார்க்கலாம் என்று யோசித்தேன். மெர்லினுடைய சிநேகிதி ஒருத்தி ஸ்கேன் சென்டரில் வேலை செய்கிறாள், அவள் மூலம் எடுத்தும் பார்த்தாயிற்று. வெளிறிய ஒரு உருண்டை, வேறொன்றும் தெரியவில்லை. ஓடும் சுண்ணாம்பு, சுற்றியிருக்கும் கல்லும் சுண்ணாம்பு. இதை முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும். யோசிக்காமல் ஓடினேன். எங்கேயாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டியிருக்கிறது.

அங்கே அந்தப் பெண் கல்லை வாங்கும்போது என் கையைப் பார்த்தாள். "ஆன்ட்டி, உங்களுக்கு ஏதாவது எடுக்கணுமா?" என்றாள்.

ஆகஸ்ட் 1, வியாழன்

அருளப்பன் காலையில், "எனக்குத் தலை சுத்துது, டாக்டர்கிட்ட போகணும், கூட வர்றியா?" என்றார். ஒரு நாளும் தலைவலி என்று படுக்காதவர். பயந்துபோய் விடுப்புச் சொல்லிவிட்டுப் போனேன். ஆஸ்பத்திரியில் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். நர்ஸ் கூப்பிட்டாள்: "ஜெசிந்தா அருளப்பன்."

எழுந்து வெளியே போய்விடலாம் என்று பார்த்தேன். இவர் என் கைப்பையைப் பிடித்துக்கொண்டார். "உள்ள போய்ட்டு வந்து என்னை எவ்ளோ வேணா திட்டு."

நரம்பு டாக்டர் ஒரு அம்மா. என் வயதுதான் இருக்கும். நடக்கச் சொன்னார். திரும்பச் சொன்னார். விரலைத் தட்டச் சொன்னார், இடது கை சுறுசுறுப்பாகத் தட்டியது, வலது கை பாதியில் சோம்பிப் போனது. அப்புறம் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொள்ளச் சொன்னார். "நூறுலேர்ந்து ஏழு ஏழா குறைச்சுச் சொல்லிட்டே வாங்க."

"தொண்ணூத்தி மூணு. எண்பத்தாறு. எழுபத்தொன்பது."

"போதும். கையைப் பாருங்க."

பார்த்தேன். வலது கை செபமாலை உருட்டிக்கொண்டிருந்தது. நான் சொல்லாமலே உருட்டிக்கொண்டிருந்தது.

"இதான் தெரிஞ்சுக்கணும்னு கணக்குப் போடச் சொன்னேன்" என்றார் டாக்டர். "கவனம் வேற எங்கயாவது போனா வெளிய வரும். மோப்பம் இருக்கா உங்களுக்கு?"

பால் தீய்ந்ததை நான் சொல்லவில்லை. பின்னாலிருந்து அருளப்பன் சொன்னார். பாயில் படுப்பதையும் சொன்னார். செருப்பையும் சொன்னார். ஒவ்வொன்றாக அவர் சொல்லச் சொல்ல, இந்த மனுஷன் எப்போதிருந்து இதையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தார் என்று கோபம்தான் வந்தது.

பார்க்கின்சன். மாத்திரை எழுதியிருக்கிறார். உயிருக்கு ஒன்றுமில்லை, மெதுவாகத்தான் கூடும், நிறையப் பேர் பல வருஷம் வேலை பார்க்கிறார்கள் என்றார்.

"நுணுக்கமான வேலை?" என்று கேட்டேன்.

"என்ன மாதிரி?"

சொன்னேன். அவர் மாத்திரைச் சீட்டைத் திருப்பி வைத்தார். "மாத்திரை கொஞ்சம் கை கொடுக்கும். ஆனா ஒரே ஒரு கல்லுதான் இருக்குன்னா, நான் உங்க இடத்துல இருந்தா தொடமாட்டேன்" என்றார்.

ஆட்டோவில் வரும்போது இவரோடு பேசவில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

பேசவில்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மெர்லினிடம் சொல்லியாயிற்று. அவள் அழ ஆரம்பித்தாள். பால் பொங்குகிறது என்று போனை வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை.

அருளப்பன் வெங்காயம் நறுக்க வந்தார். கத்தியைப் பிடுங்கி நானே நறுக்கினேன். சாப்பாடு தயாராக மூன்று மணி ஆனது. அவர் ஒன்றும் சொல்லாமல் தட்டைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். ஏதாவது சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மாத்திரை குமட்டுகிறது.

யார் இருக்கிறார்கள் என்று யோசித்தேன். கொல்கத்தாவில் ஒருவர், வருஷக் கணக்கில் காத்திருக்க வேண்டும். ஆய்வு மாணவர்களுக்குக் கிளிஞ்சல் தெரியும், முள்ளெலி தெரியாது. இந்த வகையின் அடிப்பக்கத்தை ஊசியால் சுத்தம் செய்து பழக்கப்பட்ட கைகள் இந்தப் பக்கத்தில் இரண்டு ஜோடிதான். ஒன்று என்னுடையது.

மற்றவரைக் கூப்பிடுவதற்குக் கல்லை ஓடையிலேயே போட்டுவிடலாம்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

கூப்பிட்டுவிட்டேன். கல்லூரி வராந்தாவில் நடந்துகொண்டே பேசினேன். சிவக்கொழுந்து இப்போது மயிலாடுதுறையில் இருக்கிறார். பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"ஜெசிந்தா பேசறேன் சார். திருச்சிலேர்ந்து."

டிவிச் சத்தம் நின்றது.

"சொல்லுங்க மேடம்."

"வாய் முழுசா இருக்கற மாதிரி ஒண்ணு கெடைச்சிருக்கு."

"எதுல? நம்மளுதுலயா?"

நம்மளுது என்றார். அந்த வார்த்தையை நான் எதிர்பார்க்கவில்லை. ஆமாம் என்றேன். சுத்தம் செய்து தர முடியுமா என்று கேட்டேன்.

"ஏன், உங்க கை இருக்கே? அது மாதிரி எனக்கு வராதே."

"கண்ணு சரியில்ல சார். புரை."

"ஒண்ணு மட்டும் கேக்கறேன். உள்ள என்ன இருக்குன்னு தெரிஞ்சு கூப்பிடறீங்களா, தெரியாமலா?"

"தெரியாமதான்."

"அப்ப வர்றேன்" என்றார்.

போனை வைத்தபிறகுதான் பயம் வந்தது. இரண்டு தகடுகளுக்கு நடுவில் இருக்கும் கோடு தலைமுடி அகலம் கூட இருக்காது. ஊசி கொஞ்சம் ஆழமாகப் போனால் கோடே இருக்காது. இல்லாத கோட்டை யாரும் நிரூபிக்க முடியாது. அவர் செய்வார் என்று சொல்லவில்லை. செய்ய முடியும் என்கிறேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

மாதா விண்ணேற்புத் திருநாள். கொடியேற்றமும் பூசையுமாக நாள் போனது. இவர் என் ரவிக்கைக் கொக்கியை மாட்டிவிட்டார். வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆட்டோவில் வந்த நாளிலிருந்து இவரைத் திட்ட வேண்டும் என்று வைத்திருந்தது எங்கேயோ போய்விட்டது.

"அந்த ஆளு வந்தா வீட்டுல சாப்பிடச் சொல்லு" என்றார். "எதிரியா இருந்தாலும் பசிக்கும்ல."

ஆகஸ்ட் 20, செவ்வாய்

சிவக்கொழுந்து வந்தார். ஸ்ரீரங்கத்தில் மச்சினி வீட்டில் தங்கியிருக்கிறார். தலை முழுக்க நரைத்துவிட்டது. தோள்பையில் அவருடைய ஊசிகள், ஒரு லென்ஸ், தயிர்சாதம். கருத்தரங்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என் நாற்காலியில் உட்கார்ந்தார். உயரத்தைக் கூட மாற்றவில்லை.

நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். உட்கார்ந்தேன் என்று எழுதுகிறேன், உட்காரவில்லை. அவர் வேலை செய்யும்போது மூக்கால் ஏதோ ராகம் பாடுகிறார். ஒரே வரி. திரும்பத் திரும்ப. ஊசி முனை ஒவ்வொரு முறை கல்லைத் தொடும்போதும் எழுந்து எட்டிப் பார்த்தேன். பத்துத் தடவையாவது, "கொஞ்சம் மெதுவா சார்" என்று சொல்லியிருப்பேன்.

"மேடம், நீங்க போய் கிளாஸ் எடுத்துட்டு வாங்களேன்."

"இன்னிக்கு கிளாஸ் இல்ல."

"அப்ப வராந்தாவுல நடங்க. தரை ஆடுது, எனக்கு நடுங்குது."

நடுங்குது என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குக் குனிந்துகொண்டார். தெரியாமல்தான் சொன்னார்.

ஆகஸ்ட் 21, புதன்

காலை பதினோரு மணி இருக்கும். ராகம் நின்றது.

"இந்தக் கீறல் புதுசா இருக்கே. கல் அறுக்கற எடத்துல பண்ணிட்டானா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். அவரே வழி எடுத்துக் கொடுத்துவிட்டார்.

"நான் பண்ணினது" என்றேன்.

"நீங்களா?" லென்ஸிலிருந்து கண்ணை எடுத்து என்னைப் பார்த்தார். அப்புறம் மடியில் கிடந்த என் கையைப் பார்த்தார். மறைக்கலாம் என்று நினைத்தேன். அலுப்பாக இருந்தது. அப்படியே விட்டேன். கை அது பாட்டுக்கு உருட்டிக்கொண்டிருந்தது.

"புரை இல்லையா?"

"இல்ல சார். பார்க்கின்சன். இந்த மாசம்தான் தெரிஞ்சுது."

கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். "வலிக்குமா?"

"வலியில்ல."

"சரி" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தார். ஊசியை எடுத்தார், வைத்தார். "கை என்னுது இருக்கு. ஆனா எனக்கு சாயங்காலம் ஆனா கண்ணு மங்கிடும். பாக்கறது நீங்கதான் பாத்துச் சொல்லணும். இனிமே வராந்தாவுக்குப் போகாதீங்க."

மதியம் வீட்டுக்கு அழைத்துப் போனேன். அருளப்பன் அரைநாள் விடுப்பு எடுத்து சாம்பார் வைத்திருந்தார். உப்புக் குறைவு. சிவக்கொழுந்து மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

ஆகஸ்ட் 22, வியாழன்

உதட்டுத் தகடு முழுக்கத் தெரிகிறது. நாளை அதன் பின்னால். ஒன்றுமே ஓடவில்லை. சோறு பிசைந்து வைத்துவிட்டு எழுந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 23, வெள்ளி

நடந்ததை நடந்த வரிசையில் எழுதப் பார்க்கிறேன்.

மூன்று மணிக்கு அவர் ஊசியை வைத்தார். நாற்காலியைப் பின்னால் தள்ளினார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "பாருங்க" என்றார்.

"நீங்க சொல்லுங்க மொதல்ல."

"ரெண்டு." குரல் கம்மிப் போயிருந்தது. "உதட்டுக்குப் பின்னால நடுவுல கோடு ஓடுது. ஜோடித் தகடு. நீங்க சொன்னதுதான் சரி மேடம். நான் அன்னிக்கு எண்ணினது தேய்மானத்தைத்தான்."

இந்த வாக்கியத்தைக் கேட்பதற்காக எத்தனை வருஷம். குனிந்து பார்த்தேன். கோடு இருந்தது. உதட்டின் நடுவிலிருந்து பின்னால் ஓடியது. பார்த்ததும் மனது துள்ளியது, அடுத்த நொடியே துள்ளல் நின்றுவிட்டது. கோடு நேராக இல்லை. இரண்டு தகடுகள் சேரும் கோடு இப்படி மேட்டையும் குழியையும் குறுக்கே வெட்டிக்கொண்டு போகாது. முள் பொருந்தும் சிறு மேடு ஒன்றை அது சரிபாதியாகப் பிளந்திருந்தது. எந்த உயிரும் ஒரு மேட்டை இரண்டு தகட்டில் பாதிப் பாதியாகக் கட்டாது.

"சார், இது சேர்க்கை இல்ல. விரிசல்."

"விரிசலா? நல்லா பாருங்க."

"பாத்தாச்சு. மேட்டை வெட்டிட்டுப் போகுது. ஒரே தகடு, உடைஞ்சிருக்கு. நீங்க எழுதினதுதான் சரி."

"நான் எழுதினது தப்பும்மா!" முதல் தடவையாக அம்மா என்றார், அதுவும் கத்திக்கொண்டு. "இவ்ளோ தெளிவா ரெண்டுன்னு இருக்கு, இப்ப போயி விரிசல்ங்கறீங்க. என் மேல பாவம் பாக்கறீங்களா?"

"எனக்கு எதுக்கு உங்க மேல பாவம்? நீங்கதான் என் கையைப் பாத்துட்டு ரெண்டுங்கறீங்க."

அவருக்கு முகம் சிவந்துவிட்டது. எனக்கும் சிவந்திருக்க வேண்டும், அது வெளியே தெரிந்ததா தெரியவில்லை. அட்டெண்டர் கதவருகே வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். இத்தனை வருஷம் அவர் ஒன்று என்றும் நான் இரண்டு என்றும் சொல்லிவந்தோம். இப்போது அவர் இரண்டுக்கும் நான் ஒன்றுக்கும் சண்டை போட்டோம். டீ வந்தது, ஆறியது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவர் மேசையைச் சுற்றி நடந்தார். நான் எதிர்ப்பக்கமாக நடந்தேன்.

கடைசியில் நான்தான் சொன்னேன், வெளிச்சத்தைச் சாய்த்துப் பார்க்கலாம் என்று. இந்த உயிரிகளின் ஒவ்வொரு தகடும் ஒரே ஒரு படிகம். ஒரே தகடு உடைந்திருந்தால் உடைந்த ஓரம் இரண்டும் ஒரே கோணத்தில், ஒரே நேரத்தில் மின்னும். இரண்டு தகடென்றால் ஒன்று மின்னும்போது மற்றது மங்கியிருக்கும். அவருக்கும் தெரிந்ததுதான். கோபத்தில் இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

கல்லின் மேல் ஸ்பிரிட் தடவினார். ஜன்னலைச் சாத்தினோம். நான் டார்ச்சைப் பிடித்தேன். வெளிச்சம் கல்லின் மேல் குதித்தது.

"ஆடாம புடிங்க" என்றார். சொன்னதும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நீங்க சொன்னா நின்னுடுமா சார்?" என்றேன். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். அவர் திகைத்துப் பார்த்தார், அப்புறம் அவரும் சிரித்தார். மாத்திரை சாப்பிட ஆரம்பித்ததிலிருந்து இன்றுதான் சிரித்தேன்.

டார்ச்சை அவர் வாங்கிக்கொண்டார். நான் லென்ஸில் கண்ணை வைத்தேன். அவர் வெளிச்சத்தை மெல்லச் சாய்த்துக்கொண்டே வந்தார். இருட்டு. இருட்டு. கொஞ்சம் சாம்பல். சட்டென்று கோட்டுக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து பளிச்சென்றது. சேர்ந்தே அணைந்தது. மறுபக்கமிருந்து சாய்க்கச் சொன்னேன். சேர்ந்தே மின்னியது.

"ஒண்ணுதான் சார்."

அவர் வந்து பார்த்தார். டார்ச்சைத் தன் கையாலேயே முன்னும் பின்னும் சாய்த்துப் பார்த்தார்.

"நான் ஜெயிச்சுட்டேனா?" என்றார்.

"ஆமா."

"நீங்க இதைச் சொல்லிக் கேக்கணும்னு எவ்ளோ நாள் மனசுக்குள்ள ஒத்திகை பாத்திருக்கேன் தெரியுமா? இப்ப கேட்டா சூடா ஒரு டீ குடிக்கணும் போலதான் இருக்கு."

அவர் டீ வாங்கப் போனதும் நான் முகம் கழுவும் இடத்தில் போய் நின்றேன். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. பசித்தது. நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 26, திங்கள்

துறைத்தலைவரிடம் நோயைப் பற்றிச் சொன்னேன். எழுந்து நின்றுவிட்டார் பாவம். உட்காருங்க சார் என்றேன். வகுப்பு எடுப்பேன், ஆய்வகத்தில் ஊசி வேலை மட்டும் இனி இல்லை என்றேன். சொல்லி முடித்து வெளியே வந்தபோது கால் விறுவிறுவென்று நடந்தது. மாத்திரை வேலை செய்கிறது போலும்.

ஆகஸ்ட் 31, சனி

கட்டுரை எழுத உட்கார்ந்தோம், எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில். சிவக்கொழுந்து ஊருக்குப் போகாமல் தங்கிவிட்டார். என்னால் வேகமாகத் தட்டச்சு செய்ய முடியாது. அவர் இரண்டு விரலால் எழுத்தைத் தேடித் தேடித் தட்டுகிறார். என்னை விட மெதுவு. நான் உட்கார முடியாமல் மேசையைச் சுற்றிக்கொண்டே சொன்னேன்.

"இந்த வகை ஜோடித் தகட்டுக் கூட்டத்தைச் சேர்ந்தது என்று இக்கட்டுரையாளர்களில் ஒருவர் முன்பு கூறியது தவறு."

அவர் விரல் நின்றது. "தவறுன்னு வேணாமே. மறுபரிசீலனைக்கு உரியதுன்னு போடலாம்."

"தவறுன்னு போடுங்க."

"கொஞ்சம் மென்மையா இருக்கட்டுமே மேடம்."

"என் தப்பு சார். எப்படிச் சொல்லணும்னு நான்தான் சொல்லணும். தவறு. முற்றுப்புள்ளி."

போட்டார். முணுமுணுத்துக்கொண்டே போட்டார். யார் பெயர் முதலில் என்று அதற்கு ஒரு சண்டை. கல்லை எடுத்தது நான், அதனால் நான் என்கிறார் அவர். கோட்டை வெளியே கொண்டுவந்தது அவர், அதனால் அவர் என்கிறேன் நான். அருளப்பன் தட்டில் முறுக்கும் டீயும் கொண்டுவந்து வைத்துவிட்டு, இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அடுத்த வரி?" என்றார் சிவக்கொழுந்து.

ஜன்னலருகே போய் நின்றேன். எதிர் வீட்டுக் கொடியில் ஒர்க்ஷாப் சட்டைகள் காய்ந்துகொண்டிருந்தன. "ஒரே ஒரு மாதிரியை வைத்து முடிவாகச் சொல்ல முடியாது" என்றேன். "அதையும் எழுதுங்க. இன்னும் ரெண்டாவது வேணும், தேயாத வாயோட. அந்த ஓடையிலயே மேல் பக்கமா போனா இருக்கும். மழைக்கப்புறம் போலாம்னா ஜனவரி ஆயிடும். அவ்ளோ நாள் விட வேணாம் சார். கரை ஏறி எறங்க வேண்டிய எடம். நான் நடக்கறப்பவே போயிட்டு வந்துடணும்."

வாயிலிருந்து வந்துவிட்டது. இந்த வீட்டில் இதுவரை யாரும் அதைச் சொன்னதில்லை. சிவக்கொழுந்து கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் திரும்பவில்லை.

பின்னால் அருளப்பன் டீத் தம்ளரை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது.

"நாளைக்கு ஞாயித்துக்கிழமைதானே" என்றார். "முதல் பூசை முடிஞ்சதும் கெளம்பினா வெயிலுக்கு முன்னாடி போய்டலாம். சார், உங்களை எங்க வந்து ஏத்திக்கறது?"